10,000 ரூபாய் ஃபைனோட முடியுற கேஸ் இல்ல

தனுஷ்கோடி ட்ரிப், திரும்பும்போது பாம்பன் பக்கம் செக்கிங், ஊதச் சொல்றாங்க. 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. சட்டப்படி இது கோர்ட் கேஸ். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். கைது பண்ணினா 2 மணி நேரத்துக்குள்ள மெடிக்கல் டெஸ்ட் எடுக்கணும், இல்லன்னா கஸ்டடியிலிருந்து விட்டுடணும். இது உங்க உரிமை.

பெரிய அடி இன்சூரன்ஸ்லதான். 2007-ல டெல்லியில ஒரு போர்ஷே கார் விபத்துல எரிஞ்சுது. டிரைவர் குடிச்சிருந்தார்னு கம்பெனி க்ளெய்மை மறுத்தது. ஊதிப் பார்த்த ரிப்போர்ட்டே இல்லாம, 2021-ல உச்ச நீதிமன்றமும் அதை சரின்னு சொல்லிடுச்சு. அப்படி ஆனா ரிப்பேர் முழுக்க உங்க கைக்காசு. கார் லோன் இஎம்ஐ வழக்கம்போல 5-ம் தேதி போகும்.