கிரீமா அடங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. இரும்பை கிராமத்து வீட்டில் நீயே எஸ்பிரசோ போடுகிறாய் என்றதும், கல்யாண மண்டபத்தில் பால்நுரை பொங்கக் கொடுப்பார்களே, அந்தக் காபி என்றுதான் உன் அத்தை நினைத்தாள். பாலே இல்லாத ஒரு மடக்கு டிகாக்‌ஷனைப் பார்த்து அசந்துவிட்டாள்.

உன் படங்களில் கோப்பை அழகு, சிதறவிட்ட கொட்டைகளும் அழகு. ஆனால் காபி எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் வேண்டும். 18 கிராம் தூளில் 36 கிராம் இறங்க 25, 30 நொடிதான் ஆகிறது. அதற்குள் நடப்பதெல்லாம் கண்ணில் தங்காது, படத்தில் தங்கும்.

அதனால் கீழிருந்து எடு. தூளைத் தாங்கும் கைப்பிடி, அடி திறந்த போர்ட்டாஃபில்டர்தான் உன்னிடம் இருக்கிறதே. முதலில் கருந்துளிகள் அரும்பும், பிறகு நடுவில் கூடி ஒரே தாரையாக இறங்கும். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் வெளுத்தாலோ, எங்காவது பீறிட்டாலோ, தூள் சீராக அமரவில்லை. வரப்பில் நண்டு வளை இருந்தால் மடைத் தண்ணீர் அதில்தானே ஓடும்? 9 பார் அழுத்தத்தில் வரும் வெந்நீரும் அப்படித்தான். ஒரு பக்கம் சாறு முழுக்க இறங்கிக் கசக்கும், மறுபக்கம் பாதியிலேயே நின்று புளிக்கும். நாக்கு குழம்பும் இடத்தில் படம் காட்டிக்கொடுக்கும். போனை ஒரு முழம் தள்ளியே வை, சூடாகத் தெறிக்கும்.

அடுக்களை டியூப்லைட்டை அணைத்துவிடு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். துளியை உறையவைக்க ஷட்டரை 1/500 நொடிக்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் காபியின் மேல் மிதக்கும் நுரையான கிரீமாவின் செம்பழுப்பும் பச்சையடித்துப்போகும். காலையில் கிழக்கு ஜன்னல் போதும். வெயில் நேராக விழுந்தால் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டு. வெளிச்சம் பக்கவாட்டில், சற்றே பின்னாலிருந்து வந்தால் தாரை மினுமினுக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் உப்புக் குவியலைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும், கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். உன் வெள்ளைக் கோப்பைக்கும் அதே கதிதான். கறுப்பு இயந்திரம் படத்தை அடைத்துக்கொண்டால் நேர்மாறாக, கிரீமா வெளிறிவிடும். போன் திரையில் கிரீமாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கையாலேயே கூட்டு, குறை.

1901இல் மிலானில் பெட்செரா என்பவர் காப்புரிமை வாங்கிய நீராவி இயந்திரத்தில் இந்தக் கிரீமா கிடையாது. 1940களில் காஜ்ஜியா என்பவரின் நெம்புகோல் அழுத்தம் வந்த பிறகுதான் அது கோப்பையில் நின்றது. வறுத்த கொட்டையில் தங்கிய வாயுவும் எண்ணெயும் சேர்ந்த நுரை அது, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். காலிக் கோப்பையை வைத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டு பிறகு பொத்தானை அழுத்து. படத்துக்காகச் சோப்பு நுரை வைப்பவர்கள் உண்டு. நீ அதைச் செய்யக்கூடாது. நுரை தடித்தால் காபி நல்லது என்றும் எண்ணாதே. ரோபஸ்டா கலந்தாலே தடிக்கும், நேற்று வறுத்த கொட்டையும் பொங்கும்.

உன்னுடையது கடற்காற்று உள்ள ஊர். லென்ஸை முந்தானையால் அழுத்தித் துடைக்காதே. ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடு. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரை இயந்திரத்தில் ஊற்றவே ஊற்றாதே, பாய்லரில் உப்புப் படியும்.

அடுத்த படங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றின் கீழும் கிரைண்டரில் வைத்த அரைப்பு எண், தூளின் எடை, எத்தனை நொடி என்பதை எழுதி அனுப்பு. பீறிட்ட படத்தை அழித்துவிடாதே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா