பூக்கடைக் கணக்கில் பழகுங்கள், டேட்டாபேஸ் வேலைக்குப் போங்கள்

கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு தோவாளை, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் பக்கமிருந்து வேலை தேடுகிறவர்களின் பயோடேட்டாவில் அடிக்கடி பார்க்கும் வரி: 'ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் தெரியும்.' இன்டர்வியூ எடுப்பவருக்கு இந்த வரி எதையும் சொல்வதில்லை. டேபிளிலிருந்து விவரம் எடுப்பது, இரண்டு டேபிளைச் சேர்ப்பது வரைக்கும் எல்லா டேட்டாபேஸும் ஏறக்குறைய ஒன்றுதான். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கும் ஸ்டோர்டு ப்ரொசீஜர், ட்ரிக்கர், ரூல் ஆகியவற்றில்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும். அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று நிறுவனங்கள் தேடுவதும் பெரும்பாலும் அந்த இடத்துக்குத்தான்.

பழகுவதற்குப் பாடப்புத்தகத்தின் ஊழியர் டேபிள் வேண்டாம். அதில் சிக்கலே கிடையாது. உள்ளூர்ப் பூச்சந்தையை எடுங்கள். பிச்சி பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறது, மல்லிகை மதுரை, திண்டுக்கல்லிலிருந்து, அரளி சேலத்திலிருந்து, ரோஜா ஓசூர், பெங்களூரிலிருந்து. வாங்குகிறவர்களில் கேரள வியாபாரிகள் நிறைய. பிச்சிக்குக் கிலோ கணக்கு, தாமரைக்கு எண்ணிக்கை. விலை காலையில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று. ஓணம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். விவசாயிக்கு முன்பணம், கடைக்குக் கமிஷன், மீதிதான் கையில். ஒரு நல்ல டேட்டாபேஸ் பயிற்சிக்கு வேண்டிய தொல்லைகள் அத்தனையும் இதில் உண்டு.

முதலில் எதை எங்கே எழுதுவது என்று பிரியுங்கள். எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், தாமரையைக் கிலோவில் பதியக் கூடாது போன்றவை எந்த நாளும் மாறாதவை. இவற்றுக்கு நிரலே வேண்டாம், டேபிளிலேயே செக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், முதலாளியின் செல்போன், கணக்கர் ஏற்றும் எக்செல் என்று மூன்று வழியில் பதிவு வரும். செயலியில் மட்டும் தடுத்தால் நான்காவது வழி ஒன்று வரும்போது தடுப்பு போய்விடும்.

கமிஷன் விகிதம் வேறு வகை. நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். அதை ப்ரொசீஜருக்குள் எழுதாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று தனி டேபிளில் வையுங்கள். கடைக்காரர் விகிதத்தை எப்போது மாற்றுவார் என்று அவருக்கே தெரியாது. அன்றாடக் கணக்கு முடிப்புக்குத்தான் ப்ரொசீஜர்: விற்பனையைக் கூட்டு, கமிஷனைக் கழி, முன்பணத்தில் பிடி, மீதியைப் பதிவு செய். நாலும் நடக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் நடக்கக் கூடாது. விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை இதில் சேர்க்காதீர்கள். கணக்கு பாதியில் ரத்தானாலும் போன எஸ்எம்எஸ் திரும்பாது.

இப்போது இதையே நான்கு டேட்டாபேஸில் எழுதிப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் கம்யூனிட்டி பதிப்பும் போஸ்ட்கிரெஸும் இலவசம். ஆரக்கிளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. 12 ஜிபி தரவு வரை தாங்கும், பயிற்சிக்கு அது தாராளம். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பைக் கற்கவும் சோதிக்கவும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

பதிவு நடந்ததும் தானாக ஓடும் ட்ரிக்கர், எஸ்க்யூஎல் சர்வரில் வரிக்கு ஒரு முறை ஓடுவதில்லை, கட்டளைக்கு ஒரு முறைதான் ஓடும். நாற்பது சரக்கை ஒரே கட்டளையில் பதிந்தால் அந்த நாற்பதும் 'இன்சர்ட்டட்' என்ற தற்காலிக டேபிளில் ஒன்றாக வந்து நிற்கும். புதியவர்கள் அதிலிருந்து ஒரு வரியை மட்டும் மாறியில் எடுத்துக் கமிஷன் போடுவார்கள். ஒரு சரக்கோடு சோதித்தால் சரியாக ஓடும், சந்தை நாளில் முப்பத்தொன்பது சரக்குக்குக் கமிஷன் பதிவாகாது. இன்டர்வியூவில் இந்தக் கேள்வியை எதிர்பாருங்கள்.

ஆரக்கிளில் வரிக்கு ஒரு முறை ஓடும் ட்ரிக்கர் எழுதலாம். ஆனால் அந்த ட்ரிக்கர் தான் உட்கார்ந்திருக்கும் அதே டேபிளைப் படிக்கப் போனால் ஓஆர்ஏ-04091 என்ற பிழை வந்து நிற்கும். 'இந்த விவசாயிக்கு இன்று இதுவரை எவ்வளவு?' என்று உள்ளேயிருந்து கேட்கிறவர்கள் எல்லாரும் இதில் முட்டுவார்கள். 11ஜி பதிப்பிலிருந்து காம்பவுண்ட் ட்ரிக்கர் என்று ஒரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் கூட்டலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து ப்ரொசீஜருக்குக் கொண்டுபோவதே நல்லது.

மைஎஸ்க்யூஎல் கதை வேறு. ஸ்டோர்டு ப்ரொசீஜரும் ட்ரிக்கரும் சைபேஸ் என்ற டேட்டாபேஸில் 1987 வாக்கில் வந்தன, ஆரக்கிளில் 1992-இல் வந்த ஏழாம் பதிப்பில். மைஎஸ்க்யூஎல்லுக்கு அவை 2005-இல் வந்த 5.0 பதிப்பில்தான் கிடைத்தன. அதற்குள் உலகமே பிஎச்பி நிரலில் எல்லாவற்றையும் எழுதிப் பழகிவிட்டது. அதனால்தான் வங்கி மென்பொருளில் கணக்கு விதிகள் டேட்டாபேஸுக்குள்ளும், பழைய இணையதளங்களில் அவை நிரலுக்குள்ளும் கிடக்கின்றன. வேலைக்குச் சேர்ந்ததும் எங்கே தேடுவது என்பதற்கு இந்த வரலாறு உதவும். இன்னொன்று: மைஎஸ்க்யூஎல் 2019-இல் 8.0.16 வரும் வரை செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். பிழையும் காட்டாது, தடுக்கவும் செய்யாது. பழைய மைஎஸ்க்யூஎல் தரவை வேறிடம் மாற்றும்போது 'எடை மைனஸ் மூன்று கிலோ' போன்ற அதிசயங்கள் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்தது ரூல். இது போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் உரியதல்ல. கிரியேட் ரூல் என்ற கட்டளையைக் குறைந்தது மூன்று டேட்டாபேஸில் பார்க்கலாம், மூன்றிலும் அது செய்வது வேறு. இங்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் அது நம் ட்ரிக்கர் மாதிரி: பதிவு நடந்தால் ஒரு ப்ரொசீஜரை ஓட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் அது ஒரு மதிப்பு சரியா என்று பார்க்கும் சோதனை. தனியாக எழுதி, பிறகு டேபிளின் நெடுவரிசையோடு கட்ட வேண்டும். அதைக் கைவிட்டு செக் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு மாறுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸில் ரூல் என்பது நீங்கள் அனுப்பும் கட்டளையையே ஓடுவதற்கு முன் மாற்றி எழுதும் ஏற்பாடு. போஸ்ட்கிரெஸின் வியூக்கள் எல்லாம் உள்ளுக்குள் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன.

கேட்க அழகாக இருக்கும். நம் பூக்கடையில் போட்டுப் பாருங்கள். விற்பனை டேபிளில் பில் எண் தானாக ஏறுகிறது. ஒவ்வொரு பதிவையும் தணிக்கை டேபிளிலும் எழுது என்று ஒரு ரூல் போடுகிறீர்கள். விற்பனையில் பில் 501. தணிக்கையில் 502. ரூல் மதிப்பைக் கொண்டுபோகாமல், 'அடுத்த எண்ணைக் கொடு' என்ற சொற்றொடரையே இரண்டாவது கட்டளைக்குள் ஒட்டியதால் வந்த வினை. அடுத்த வாடிக்கையாளருக்கு 503 போகும். ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போன பில்லைத் தேடி ஆடிட்டர் வருவார். இன்னும் மோசம், காப்பி கட்டளையால் மொத்தமாகத் தரவு ஏற்றினால் ட்ரிக்கர் ஓடும், ரூல் ஓடாது. ஒருகாலத்தில் பெரிய டேபிளைப் பிரித்து வைக்க ரூல் பயன்பட்டது. 2017-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதற்கு நேரடி வசதி வந்துவிட்டது. புதிதாக எழுதுகிறவர் ரூல் பக்கம் போகவே வேண்டாம், ட்ரிக்கர் போதும். ஆனால் பழைய நிரலில் ரூலைப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இந்த அறிவுக்கு எங்கே காசு? இடமாற்ற வேலையில். லைசென்ஸ் கட்டணம் கட்டி ஓய்ந்த நிறுவனங்கள் ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறுகின்றன. இந்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கையே அறிவித்தது. சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தன் தயாரிப்புகள் பலவற்றோடு போஸ்ட்கிரெஸைச் சேர்த்தே தருகிறது. அவர்களுக்குத் தென்காசி பக்கத்திலேயே அலுவலகம் உண்டு. 1990-இல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க்கும் நமக்குச் சென்னையை விட எவ்வளவோ பக்கம்.

டேபிள்களை மாற்ற ஓரா2பிஜி போன்ற கருவிகள் இருக்கின்றன. எத்தனை ஆள்நாள் ஆகும் என்று மதிப்பீடு கூடத் தரும். கருவி திணறுவது ப்ரொசீஜரில். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் நல் (NULL) மதிப்பும் ஒன்று, போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. விவசாயியின் ஊர்ப்பெயர் காலியாக இருந்தால் பழைய நிபந்தனை புதிய இடத்தில் வேறு விடை தரும். ஆரக்கிளின் பேக்கேஜ் போஸ்ட்கிரெஸில் கிடையாது. ப்ரொசீஜருக்குள் கமிட் செய்வது போஸ்ட்கிரெஸில் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்புக்குப் பிறகுதான். ஒரு கட்டளை தோற்றால் ஆரக்கிள் அந்தக் கட்டளையை மட்டும் திருப்பும். போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்ஸாக்‌ஷன் முழுவதையும் முடக்கிவிடும், முன்கூட்டியே சேவ்பாயின்ட் போட்டிருந்தால் தவிர.

எனவே பூக்கடைக் கணக்கை முதலில் ஆரக்கிளில் முடித்து, பிறகு கையாலேயே போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாள் விற்பனையை ஏற்றி, ஒவ்வொரு விவசாயியின் மீதியும் பைசாவரை ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடும் சோதனை ஒன்று எழுதுங்கள். நிரல்களை எல்லாம் கிட்டில் (Git) வையுங்கள். டேட்டாபேஸுக்குள் மட்டும் கிடக்கும் ப்ரொசீஜரை யார் எப்போது மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். பயோடேட்டாவில் அந்த மூன்று டேட்டாபேஸ் பெயர்களை நீக்கிவிட்டு, இந்த மாற்றத்தில் எந்தெந்த ப்ரொசீஜர் எதனால் உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.