முதல்ல தேதி, அப்புறம் பிரிவு: ஜூனியர் வக்கீல்களுக்கு அக்காவின் டிப்ஸ்

ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் மூணும் போய் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. வந்தது 2024 ஜூலை 1. இன்னமும் பழைய எண்ணை மனுவுல எழுதி, கோர்ட் திருப்பி அனுப்பினதும் முழிச்சா எப்படி, தம்பி தங்கச்சிகளா? உங்களுக்கு நேரமில்லைன்னு தெரியும். காலையில வாய்தா, மதியம் ஃபைலிங், சாயந்திரம் சீனியர் ஆபீஸ். அதனால நீங்க அதிகமா தடுமாறுற இடங்களை மட்டும் சொல்றேன்.

1. கேஸ் கட்டைப் பிரிச்சதும் சம்பவத் தேதியைப் பாருங்க.
சம்பவம் 2024 ஜூலை 1க்கு முன்னாடின்னா குற்றப் பிரிவு ஐ.பி.சி.; அன்னிக்கோ அதுக்குப் பின்னாடியோன்னா பி.என்.எஸ். நடைமுறைக்குக் கணக்கு வேற. அந்தத் தேதியில ஏற்கெனவே நிலுவையில இருந்த விசாரணையும் வழக்கும் சி.ஆர்.பி.சி. படியே தொடரும்னு பி.என்.எஸ்.எஸ். பிரிவு 531 சொல்லுது. 2024 மே மாசம் நடந்த மோசடிக்கு அந்த ஆகஸ்ட்ல எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தா குற்றம் ஐ.பி.சி., நடைமுறை பி.என்.எஸ்.எஸ். ஜூலை 1க்கு ரெண்டு பக்கமும் நீண்ட கொடுமை வழக்கா இருந்தா, தேதிகளை வரிசையா எழுதிக்கிட்டு சீனியர்கிட்ட கேளுங்க. நீங்களா ஊகிக்காதீங்க.

2. ஒரே எண், வேற வேலை. இங்கதான் வழுக்கும்.
பழைய சி.ஆர்.பி.சி. 482 எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கிறது. புது பி.என்.எஸ்.எஸ். 482 முன்ஜாமீன். ரத்து கேட்க இப்போ 528க்குப் போகணும். பழைய ஐ.பி.சி. 302 கொலை, பி.என்.எஸ். 302 மத உணர்வைப் புண்படுத்துற பேச்சு, அதுவும் ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். எண்ணோட சட்டத்தின் பெயரையும் எழுதாம மனுவுல கையெழுத்துப் போடாதீங்க.

3. இந்தச் சீட்டை வெட்டி டைரியில ஒட்டிக்கோங்க.
- பி.என்.எஸ்.: கொலை 302 → 103, கொலை முயற்சி 307 → 109, திருட்டு 379 → 303(2), மோசடி 420 → 318(4), கணவர் வீட்டுக் கொடுமை 498ஏ → 85, மிரட்டல் 506 → 351, பொது உட்கருத்து 34 → 3(5)
- பி.என்.எஸ்.எஸ்.: எஃப்.ஐ.ஆர். 154 → 173. ஜீவனாம்சம் 125 → 144. மாஜிஸ்திரேட் உத்தரவு 156(3) → 175(3). ரிமாண்ட் 167 → 187. முன்ஜாமீன் 438 → 482. ஜாமீன் 439 → 483

மனப்பாடம் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுதுறப்போ மட்டும் மூலச் சட்டத்தை ஒருதரம் திறந்து பாருங்க.

4. ரிமாண்டுக்கு வெறுங்கையோட நிக்காதீங்க.
கைதுக்கான காரணத்தை எழுத்துல கொடுத்தாங்களான்னு முதல்ல கேளுங்க. எந்தக் குற்றமா இருந்தாலும், கைதானவருக்குப் புரியுற மொழியில எழுத்து மூலமா கொடுக்கணும்; உடனே முடியலைன்னா வாயால சொல்லிட்டு, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துறதுக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் மிகிர் ராஜேஷ் ஷா வழக்குல 2025 நவம்பர்ல சொல்லியாச்சு. தவறினா கைதும் ரிமாண்டும் செல்லாது. திருப்பூர்ல வேலை பார்க்கிற ஒடிசாக்காரர் கையில தமிழ்த் தாளை நீட்டியிருந்தா அதை மாஜிஸ்திரேட்கிட்ட சொல்ல வேண்டியது நீங்கதான். அங்கே வாயை மூடிட்டு வந்து, வெளியில வராந்தாவுல பேசிப் பிரயோஜனமில்லை.

5. "பதினஞ்சு நாள் தாண்டிடுச்சு, இனி போலீஸ் கஸ்டடி கிடையாது"ன்னு வாக்குக் கொடுக்காதீங்க.
பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187 படி அந்த 15 நாளைத் துண்டு துண்டா, வழக்கைப் பொறுத்து முதல் 40 இல்லைன்னா 60 நாளுக்குள்ள கேட்கலாம். குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைங்க.

6. 60, 90 நாள் கணக்குல ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ணுங்க.
உச்ச நீதிமன்றம் 2023லயே தெளிவாச் சொன்ன விஷயம் இது. கெடு முடிஞ்சும் குற்றப்பத்திரிகை வரலைன்னா அடுத்த நாள் காலையிலயே டீஃபால்ட் ஜாமீன் மனு போயிருக்கணும். நீங்க மனு போடுறதுக்கு முன்னாடி குற்றப்பத்திரிகை வந்துட்டா அந்த உரிமை போச்சு. செல்போன்ல இப்பவே அலாரம் வைங்க.

7. உள்ளே கிடக்கிறவரோட கணக்கையும் பாருங்க.
இதுக்கு முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்ச தண்டனைக் காலத்துல மூணுல ஒரு பங்கை விசாரணைக் கைதியாவே கழிச்சிருந்தா, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479 படி ஜாமீன் கேட்கலாம். மத்தவங்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேற வழக்குகள் நிலுவையில இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தாது. 2024 ஜூலைக்கு முந்தின வழக்குகளுக்கும் இந்தச் சலுகை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்ல சொல்லிடுச்சு. ஜெயில் கண்காணிப்பாளர் எழுதுவார்னு காத்திருக்காதீங்க.

8. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா சாட்சியம் ஆகாது.
பழைய 65பி இப்போ பி.எஸ்.ஏ. பிரிவு 63(4). சான்றிதழ்ல ரெண்டு பகுதி: முதல் பகுதி ஆவணத்தைத் தாக்கல் பண்றவருக்கு, ரெண்டாவது நிபுணருக்கு. ஹாஷ் வேல்யூவும் வேணும். வீடியோவை வாட்ஸ்அப்ல வாங்கினா அது சுருங்கி, ஹாஷ் மாறிடும். மூலக் கோப்பைப் பென் டிரைவ்ல வாங்குங்க. போனை ரீசெட் பண்ணாம பத்திரமா வைக்கச் சொல்லி, கட்சிக்காரர்கிட்ட முதல் சந்திப்புலயே கண்டிப்பாச் சொல்லுங்க.

9. தனிப் புகார்ல ஒரு படி கூடியிருக்கு.
பி.என்.எஸ்.எஸ். பிரிவு 223 படி, எதிரிக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காம மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்புக்கு எடுக்க முடியாது. செக் பவுன்ஸ் வழக்குக்கு மட்டும் அந்த முன் சம்மன் தேவையில்லைன்னு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர்ல சொல்லியிருக்கு. எது எந்த வகைன்னு பார்த்துட்டு வாய்தா தேதியைக் கணிச்சுச் சொல்லுங்க.

10. ஏ.ஐ. கொடுக்கிற தீர்ப்பை அப்படியே ஒட்டாதீங்க.
இல்லாத வழக்கை இருக்கிற மாதிரியே எழுதிக் கொடுக்கும். அப்படித் தாக்கல் பண்ணின வக்கீல்களுக்கு நியூயார்க் கோர்ட் 2023ல 5,000 டாலர் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்துல இலவசமாவே கிடைக்குது. தீர்ப்பைத் திறந்து, நீங்க சொல்ற பத்தியை உங்க கண்ணால படிச்சுட்டு மேற்கோள் காட்டுங்க.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை:
- பழைய சட்டப் புத்தகத்தை எடைக்குப் போடாதீங்க. 2024 ஜூலைக்கு முந்தின வழக்குகள் இன்னும் பல வருஷம் கோர்ட்ல நடக்கும். பழைய தீர்ப்புகளும் பழைய எண்லதான் இருக்கு.
- வக்கீலாப் பதிவு பண்ண, சட்டத்துல உள்ள கட்டணத்துக்கு மேல பார் கவுன்சில் வாங்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில தீர்ப்புக் கொடுத்தது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பணம் கட்டுங்க.

மனுவுல தப்பான எண்ணைத் திருத்திக்கலாம். அந்தத் தப்பால ஒருத்தர் ஜெயில்ல கூடுதலா இருந்த நாளை யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால எத்தனை அவசரமா இருந்தாலும், தேதியைச் சரிபார்க்காம ஒரு மனுவையும் கொடுக்காதீங்க.