பட்டம் பெற்றபின் முதல் ஈராண்டு

பட்டம் பெறுதல் ஒரு நாளில் நிகழ்வது. தொழில் கற்றல் பல ஆண்டுகளில் நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். நம் சங்கத்தைச் சேர்ந்த பல் மருத்துவ நண்பர்கள் சிலர் இவ்வாண்டு பயிற்சி முடித்து வெளியேறுகின்றனர். ‘அடுத்து என்ன?’ என்னும் கேள்வி விடுதி அறைகளில் நாள்தோறும் எழுகிறது. நான் வேதியியல் பயில்பவன். பல் மருத்துவன் அல்லேன். ஆயினும் அவர்களோடு பேசியும், மூத்த மருத்துவர்கள் சொல்லக் கேட்டும் அறிந்தவற்றை முறைப்படுத்தி இங்கே தருகிறேன்.

முதற்கடமை

நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் நிறைவுற்றால் பி.டி.எஸ். பட்டம் கிடைக்கும். ஆனால், பட்டம் மட்டும் தொழில் நடத்தும் உரிமையைத் தாராது. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். இம்முறை 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் மாறிவரும் காலமாதலால், கல்கத்தாவில் படித்துத் தமிழ்நாட்டில் தொழில் செய்ய விரும்புவோர் பதிவு மாற்றம் பற்றி அந்தந்தக் கவுன்சிலிலேயே கேட்டறிதல் நன்று.

செல்லத்தக்க வழிகள்

1. மேற்படிப்பு: எம்.டி.எஸ். மூன்றாண்டுப் படிப்பு, ஒன்பது பிரிவுகள் உண்டு. நுழைவுத் தேர்வில் பெற்ற இடத்திற்காக மட்டும் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தல் தகாது. அறுவையில் மனம் செல்லாதவர் முகத்தாடை அறுவைப் பிரிவில் சேர்ந்தால் அவருக்கும் துன்பம், நோயாளிக்கும் துன்பம்.

2. அரசுப் பணி: தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கே தமிழ்த் தகுதித் தாளிலும் தேர வேண்டும். வெளிமாநிலத்தில் வளர்ந்து, தமிழைப் பேச மட்டும் அறிந்த நம் நண்பர்கள் இதனை இப்பொழுதே கருதுக. படையில் சேர விரும்புவோர்க்கு 1941-இல் தோன்றிய இராணுவப் பல் மருத்துவப் பிரிவு உண்டு.

3. வெளிநாடு: நம் பட்டம் அங்கே நேராகச் செல்லாது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தனித் தேர்வுகள் எழுத வேண்டும். அமெரிக்காவிலோ தேர்வோடு நில்லாமல், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் மீண்டும் கல்லூரியில் பயில நேரும். செலவு மிகுதி. கணக்கிட்டபின் புறப்படுக.

4. சொந்தக் கிளினிக்: இதுவே பெரும்பாலோர் கனவு. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கடனும் கையும்

கிளினிக் என்றவுடன் பெயர்ப்பலகையே கண்முன் தோன்றுகிறது. அதன் பின்னே நாற்காலி, கம்ப்ரெசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவி, கடையின் முன்பணம், மாத வாடகை, உதவியாளர் சம்பளம் ஆகியன வரிசையாக நிற்கின்றன. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சையும் ஊசியையும் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படியே அகற்ற வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலால் தொழில் காப்பீடும் தேவை.

இவையனைத்தும் பணத்தால் ஆகக்கூடியவை. கையின் பழக்கம் பணத்தால் வருவதன்று. பியூரெட்டைத் திறந்து துளித்துளியாக விடும் மாணவன், நூறு முறை செய்தபின்னரே சரியான துளியில் நிறுத்துகிறான். ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி மிகுந்தால் மீண்டும் தொடங்கலாம். பல்லைக் குடைவதில் ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் மீண்டும் தொடங்க வழியில்லை.

மற்றோர் ஆபத்தும் உண்டு. என் கருத்தில் அதுவே பெரிது. சிறிய சொத்தை, அடைத்தால் போதும். ஆனால் மாத இறுதியில் வங்கித் தவணை காத்திருக்கிறது. அப்பொழுது ‘வேர்ச் சிகிச்சை செய்து மேலே உறை போட்டுவிடலாம்’ என்று நாக்கு தானாகவே சொல்லத் துணியும். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கடன்பட்டவராக இருந்தால் போதும். நாற்காலியில் இருப்பவருக்குத் தம் பல்லின் நிலை தெரியாது. மருத்துவரின் சொல்லையே நம்பி வாயைத் திறக்கிறார். கடனின் வலி அவர் வாய்க்குள் நுழையலாகாது.

ஆகையால் முதல் ஈராண்டு நல்ல மூத்தவர் ஒருவரிடம் உதவியாளராக இருத்தலே சிறந்தது என்பேன். சம்பளம் குறைவுதான், வீட்டில் கேள்வி எழும், உறவினர், ‘டாக்டருக்கு இன்னும் சொந்த இடம் இல்லையா?’ என்பர். பொறுத்துக்கொள்ளலாம். இந்நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் நம் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரபியுதீன் அகமது. அவரும் 1915-இல் அமெரிக்காவின் அயோவாவில் பட்டம் பெற்றவுடன் பலகை மாட்டிவிடவில்லை. பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே தாயகம் திரும்பினார்.

மூத்தவரைத் தேர்ந்தெடுத்தல்

சேருமுன் ஒரு நாள் அங்கே அமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் கருவிகள் தனித்தனியே ஆட்டோகிளேவில் இட்டு எடுக்கப்படுகின்றனவா? வேர்ச் சிகிச்சைக்குமுன் எக்ஸ்ரே எடுக்கின்றனரா? நோயாளியின் குறிப்பு எழுதி வைக்கப்படுகிறதா? செலவு குறைந்த மாற்று வழியையும் சொல்கின்றனரா? உங்களைச் செய்யவும் விடுவாரா, கருவி எடுத்துக் கொடுக்க மட்டும் வைப்பாரா? சம்பளத்தையும் வேலை நேரத்தையும் எழுத்தில் பெறுவதும் முறை. அதில் கூச்சம் வேண்டா.

ஊரை அறிதல்

அந்த ஈராண்டில் ஊரையும் கற்க வேண்டும். முதலில் பேச்சு. நம்மவர் ‘பல் கூசுகிறது’ என்பதற்கும் ‘விண்விண் என்று தெறிக்கிறது’ என்பதற்கும் நோயில் பெரும் வேறுபாடு உண்டு. வங்காளி முன்னதை ‘ஷிர்ஷிர்’ என்பார், பின்னதைத் ‘தப்தப்’ என்பார். இச்சொற்களை அறியாதவர் பாதி நோயை அறியாதவரே.

அடுத்தது தண்ணீர். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் பற்களில் பழுப்புக் கறை படிவதற்கு நிலத்தடி நீரின் புளோரைடே காரணம். அங்கே கறையைச் சுரண்டுவதோடு நில்லாமல், எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது பழக்கம். 2016–17-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி நம் நாட்டில் வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர். ஆதலால் பல்வலி என்று வந்தவரின் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். இரு வாரம் கடந்தும் ஆறாத புண்ணையோ வெண்படலத்தையோ கண்டால் தாமதமின்றி மேல் மருத்துவமனைக்கு அனுப்புக. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா; ஒரு விளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் போதும். ஓர் உயிர் அதனால் பிழைக்கலாம்.

நண்பர்களே, பெயர்ப்பலகை ஈராண்டு தாமதித்தால் எந்த நட்டமும் இல்லை. கை தேர்ந்து, கடன் சிறுத்து, ஊரை அறிந்து அமர்பவரிடம் நோயாளி அச்சமின்றி வாயைத் திறப்பார். அந்த நம்பிக்கையே உங்கள் முதலீடு.