மாநாடும் கடலடிக் கம்பியும்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தொலைத்தொடர்பு வளர்ச்சி குறித்து உலக மாநாட்டைப் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கொருமுறை கூட்டுகிறது. முதல் மாநாடு 1994இல் புவெனஸ் ஐரிஸில் நிகழ்ந்தது. 2010இல் ஐதராபாத்தில் கூடியது. தீர்மானங்கள் பெருகின, ஆயினும் அவற்றால் எவ்வூர் இணைப்புப் பெற்றது என அளத்தல் அரிதாயிற்று. இக்குறையை நீக்கும் சீர்திருத்தங்களுள் ஒன்றாக, 2022இல் கிகாலி மாநாட்டில், நாடுகளும் நிறுவனங்களும் தாம் ஆற்றவுள்ள பணியை உறுதிமொழியாக அளித்தன.

உறுதிமொழியை அளப்பது எங்ஙனம்? மிளகு வணிக நாளில் கொச்சி மட்டாஞ்சேரியின் செய்தி கப்பலின் வேகத்திலேயே கடல் கடந்தது. அண்மைக்காலம்வரை இலட்சத்தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அதன் கொள்திறன் விநாடிக்கு 1.7 கிகாபிட்டு மட்டுமே. 2020இல் ஒப்புதல் பெற்ற ஒளியிழைக் கம்பித் திட்டம், கொச்சியிலிருந்து 11 தீவுகளை இணைத்து, 2024 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. கொள்திறன் 200 கிகாபிட்டாக உயர்ந்தது. ஆண்டு, தீவு, அளவு ஆகிய மூன்றும் தெரிவதால் இதனைச் சரிபார்க்கலாம். மாநாட்டுத் தீர்மானங்களும் இவ்வாறே அமைதல் வேண்டும்.

கம்பி கரையேறுவதுடன் பணி முடிவதில்லை. தம் பள்ளியிலும் மருத்துவ நிலையத்திலும் இணைப்பு எத்தனை நாள் இயங்கியது, எத்தனை நாள் தடைப்பட்டது என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் குறித்து வருவாராக. அக்குறிப்பே அடுத்த மாநாட்டிற்கு உரிய சான்றாகும்.