பழகப் பழக வரும்

அந்தப் பையனுக்கு வயது 14. நன்றாகப் படிப்பான். ரயில் வரும் நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் நண்பன் ஒருவன்கூட இல்லை.

யாரைப் பார்த்தாலும் ரயிலைப் பற்றியே பேசுவான். கேட்பவர் சலித்துக்கொண்டாலும் அவனுக்குத் தெரியாது. விளையாட்டுக்குக் கேலி செய்தாலும் அடிக்கப் போவான்.

"திமிர்" என்றார் அப்பா. "வளர்ப்பு சரியில்லை" என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

ஒரு நாள் அவன், "இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்றான். அம்மா பயந்துபோனார். ஆசிரியையிடம் ஓடினார்.

ஆசிரியை சொன்னார்: "இது திமிர் இல்லை அம்மா. மற்றப் பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். இவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றீர்களே, அதுபோலத்தான்."

அன்று மாலை வீடே கடை ஆனது. அம்மா கடைக்காரர். மகன் சாமான் வாங்க வந்தான். ஒரு கை தூரம் தள்ளி நிற்பது ஒரு நாள் பாடம். தன் முறை வரும்வரை காத்திருப்பது மறுநாள் பாடம். வேண்டியதைக் கேட்பது அடுத்த பாடம்.

பிறகு நிஜக் கடைக்குப் போனான். முதல் நாள் பேச்சு வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினான். அம்மா திட்டவில்லை. "கடைவரை போனாயே, அதுவே நல்லது" என்றார். மறுவாரம் அரைக் கிலோ சர்க்கரையும் மீதிச் சில்லறையும் கொண்டுவந்தான்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு நான் கடைக்காரர்" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை:

* நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள்.
* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் நடித்துப் பழக்குங்கள்.
* "நீ ஒன்று பேசு, பிறகு அவரிடம் ஒன்று கேள்" என்று பழக்குங்கள்.
* பெரிய கூட்டம் வேண்டாம். அதே விருப்பமுள்ள ஒரு நண்பன் போதும்.
* சிறு முயற்சியையும் பாராட்டுங்கள்.
* பள்ளியில் யாராவது கேலி செய்தால், அடித்தால், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சில பிள்ளைகள் கூச்சத்தால் ஒதுங்குவார்கள். சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். அது பிறவியிலேயே வருவது. பெற்றோர் செய்த தவறால் வருவது அல்ல. சந்தேகம் இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று ஒதுங்கினாலும், தூக்கம், சாப்பாடு குறைந்தாலும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அது அரசின் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதில் ஆட்டிசமும் சேர்ந்துள்ளது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

பேசிப் பாருங்கள்:

1. அம்மா முதல் நாள் திட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. உங்கள் தெருவில் தனியாக நிற்கும் பிள்ளை யார்? நாளைக்கு அவனிடம் என்ன பேசுவீர்கள்?