நேட்டாலில் நம் ஜனங்கள்

1860-ம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர். கரும்புத் தோட்டத்தில் உழைக்க ஒப்பந்தம். முதல் வருஷம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். 1911 வரை இவ்வாறு சென்ற இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சென்னை ராஜதானியார். பூந்தமல்லியும் ஆவடியும் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு ஜில்லாக்காரரும் அவர்களுள் பலர்.

முதற் கப்பலிலேயே கத்தோலிக்கர் இருந்தனர். டர்பனிலிருந்த பிரெஞ்சுக் குருவான சபோன் சுவாமியார், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர், இவர்களுக்காகவே தமிழ் கற்றார். வேற்று மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்பது எத்தனை சிரமமென்று குருக்களுக்குத்தான் தெரியும்!

பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டுப் பேச்சு ஆங்கிலமாயிற்று. முதலி 'மூட்லி' என்றும், கவுண்டர் 'கவெண்டர்' என்றும் திரிந்து குடும்பப் பெயர்களாயின. இன்று இவர்களின் சந்ததியார் சிலர் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். கப்பல் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர் அடையாளம் தெரிவதில்லை. கத்தோலிக்கக் குடும்பமானால், இங்குள்ள பழைய ஞானஸ்நானப் புத்தகம் கைகொடுக்கலாம்.

நம் பங்கிலிருந்தும் துபாய்க்கும் கனடாவுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிரியதத்த மந்திரத்தைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். தாத்தா பாட்டி பெயர்களை ஞானஸ்நானச் சான்றிதழோடு எழுதி வையுங்கள். ஊர் என்ற இடத்தில் அம்பத்தூர் வாடகை வீட்டு விலாசம் போதாது; பூர்வீகக் கிராமத்தின் பெயரும் வேண்டும்.